குடிக்காதவனின் நடுக்கம்

கொரியாவின் அறுவடைத் திருநாளான சூசொக் பண்டிகைக் காலை. முன்னோர் படையலுக்கு முன்னால் மண்டியிட்டு, மது நிறைத்த கிண்ணத்தை மூத்த மகன் இரண்டு கையாலும் ஏந்தி வைக்க வேண்டும். டே-உங் ஏந்தினான். பாதி பாயில் கொட்டியது.

"காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்துட்டான், தறுதல!" என்று உறுமினார் அப்பா பான்-சொக். அவர் சிப்பிப் பண்ணை வைத்திருக்கிறார். உலகத்தில் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பும் வைத்திருக்கிறார். சித்தப்பாக்கள் இருவரும் தலையாட்டினார்கள். ஆட்டுவதைத் தவிர அந்தத் தலைகளால் வேறென்ன பிரயோஜனம் என்று அக்கா நாரேவுக்கு எரிந்தது.

"அவன் குடிக்கிறதே இல்லப்பா. எங்கூடதான இருக்கான், எனக்குத் தெரியாதா?"

"வக்காலத்து வாங்காத. நடக்குறான் பாரு, தள்ளாடிக்கிட்டு! பேசினா வாய் குழறுது. மூஞ்சி மஞ்சளா கெடக்கு, ஈரல் வெந்து போச்சு. நல்லா சிப்பிக் கஞ்சியும் மாட்டு ஈரலும் குடு, போதை தெளியட்டும். தெளிஞ்சதும் மூட்டையக் கட்டச் சொல்லு. இனிமே இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது."

டே-உங் தலையை நிமிர்த்தினான். ஜன்னல் வெயில் முகத்தில் விழ, கருவிழி ஓரத்தில் பச்சையும் பழுப்புமாக ஒரு வளையம் தெரிந்தது.

"அட, இத பார்றா! பாட்டுப் பாடி ஆடுற பசங்க மாதிரி கலர் லென்ஸ் வேற! கழட்டுடா, மானம் போகுது!"

"எ... எதுவும் போடலப்பா."

சித்தப்பாக்கள் சிரித்தார்கள். நாரே தம்பியின் இமையைத் தூக்கிப் பார்த்தாள். லென்ஸ் இல்லை. வளையம் மட்டும் இருந்தது. இந்த மூடர்களிடம் பேசி என்ன ஆகப்போகிறது? பண்டிகை விடுமுறை முடிந்ததும் தம்பியைப் பூசான் நகரத்துக்குக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

சோதனை முடிவைக் கேட்க அப்பாவும் வந்தார். குடிகாரன் என்று டாக்டர் வாயாலேயே கேட்டுவிட வேண்டுமாம்.

"குடியில்லைங்க," என்றார் டாக்டர். "சாப்பாட்டுல இருக்குற செம்பு வெளியேறாம ஈரல்லயும் மூளையிலயும் தங்கிடுது. கண்ணுல இருக்குற வளையமும் அதுதான். பரம்பரையா வர்றது. கூடப் பிறந்தவங்களும் சோதிச்சுக்கணும். ஆயுசு முழுக்க மருந்து சாப்பிட்டா பிழைச்சுக்கலாம். சிப்பியும் ஈரலும் மட்டும் தொடவே கூடாது, அதுலதான் செம்பு ஜாஸ்தி."

"எங்க பரம்பரையிலயா? ஒருத்தனுக்கும் கெடையாது! எல்லாம் இவங்கம்மா வழியா வந்திருக்கும்."

"ரெண்டு பக்கத்துலருந்தும் வந்தாத்தாங்க இந்த நோய் வரும்."

"எங்க பக்கம் எல்லாரும் கல்லு மாதிரி. எங்கண்ணன் ஒருத்தன்தான் சின்ன வயசுலயே போனான், அதுவும் குடிச்சுக் குடிச்சு. கை நடுங்கும், வாய் குழறும், உடம்பெல்லாம் மஞ்ச. குடும்ப மானத்தையே வாங்கினான். அதான் அவனுக்குப் படையல்கூட வைக்கிறதில்ல."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். நாரேவும் பார்த்தாள்.

"பெரியப்பா குடிச்சத நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?"

"எங்கப்பா சொன்னாரு..."

"ஓஹோ. அவரும் எல்லாம் தெரிஞ்சவரா?"

பான்-சொக்கின் மடியில், மகனுக்கென்று வீட்டிலிருந்து தானே சுமந்து வந்த சிப்பிக் கஞ்சித் தூக்கு இன்னும் சூடாக இருந்தது.