இரண்டாவது பிரேக்

1

இந்தக் கதை எனக்கு ஜன்னல் வழியாகக் கிடைத்தது. சனி ஞாயிறோடு திங்களும் சேர்ந்த விடுமுறை. ஞாயிறு மதியம். தெருவில் ஈ காக்கை இல்லை. டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று மட்டும் எங்கள் தெருவைச் செக்குமாடு மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தது. லீவு நாளில் யாருக்கு இவ்வளவு படிப்பு ஆர்வம் என்று எரிச்சலோடு இறங்கிப்போய்க் கை காட்டினேன். கார் நிற்கவில்லை. ஊர்ந்தபடியே ஓட்டியவர் கண்ணாடியை இறக்கினார்.

"நிறுத்தினா முழிச்சுக்கும் சார்" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனார்.

பின்சீட்டில் ஒரு கைக்குழந்தை. பக்கத்தில் கண்ணை மூடாமல் ஒரு பெண். நான் பார்த்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "குழந்தை பிறந்த பிறகு விடுமுறை என்பது..." (அடித்துவிட்டேன். அறிவுரைக் கட்டுரை மாதிரி இருந்தது.)

இரண்டாவது: "டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் கடைசியாகத் தூங்கியது போன ஜென்மத்தில்..." (இந்த வரைவில் மனைவி வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுத லேசாக இருந்தது. ஆனால் நான் பார்த்த காரில் அவள் இருந்தாளே. கண்ணை மூடாமல் இருந்தாளே. அவளை நடுவழியில் இறக்கிவிட மனம் வரவில்லை.)

மூன்றாவது நின்றது.

மாஸ்டர் வாரம் முழுக்க அடுத்தவருக்கு வழி சொல்கிறவர். அதனால் கல்யாணமான புதிதிலேயே ஒரு சட்டம் போட்டார்: விடுமுறையில் வழி சொல்வது அவள் வேலை. அவளும் பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்தவள். முன்சீட்டில் ஏறியதும் "இடது" என்பாள். திருப்புவார். "வலது." திருப்புவார். எங்கே, எதற்கு என்று கேட்கக் கூடாது. ஒருமுறை மூடிக் கிடந்த மிருகக்காட்சிசாலையின் வாசலில் போய் நின்றார்கள். ஒருமுறை ரோடே தீர்ந்துபோய், ஒரு சோளக்காட்டுக்கு முன்னால் ரொட்டி தின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

[அடிக்குறிப்பு மாதிரி: பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு, கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் மாஸ்டர் மிதிக்க. விடுமுறையில் அது அவள் காலடியில் இருக்கும். ஆட்டுக்குட்டி பார்க்க மிதிப்பாள். "பின்னாடி வர்றவன் திட்டுவான்மா" என்பார். "திட்டட்டும்" என்பாள்.]

3

இப்போது குழந்தை. ஓடுகிற காரில் மட்டுமே தூங்குகிற குழந்தை. அவள் பின்சீட்டுக்குப் போய்விட்டாள். முன்சீட் காலி.

குழந்தை வந்தபின் முதல் நீண்ட விடுமுறை இது. தெருமுனை வந்ததும் மாஸ்டர் அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தார். அவளிடம் மிச்சமிருக்கும் ஒரே அதிகாரத்தையும் பிடுங்கிக்கொள்ள அவருக்கு இஷ்டமில்லை. அவள் சொல்லவில்லை. சும்மா இடது திரும்பினார். அடுத்த முனையிலும் இடது. வீடே வந்துவிட்டது. அவளோ, இனிமேல் நமக்கு இவ்வளவுதான் என்று இவர் முடிவு பண்ணிவிட்டார்போல என்று நினைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

(இங்கே எனக்கு மாஸ்டர் மேல் சந்தேகம். இவ்வளவு நல்லவரா? வாயைத் திறந்து கேட்டால் முத்தா உதிர்ந்துவிடும்? ஆனால் நல்லவர்கள்தான் இப்படிச் செய்வார்கள். விட்டுக்கொடுக்கிறேன் பேர்வழி என்று தனியாக விட்டுவிடுவார்கள்.)

கடைசியில் கேட்க வைத்தேன்.

"எந்தப் பக்கம்னு சொல்லேன்."

"எந்தப் பக்கமா இருந்தா என்ன?"

"உனக்கு எங்க தோணுதோ அங்க போலாம்மா."

"தோணலைங்க." குழந்தையின் காலுறையை இழுத்துவிட்டபடி சொன்னாள். "எங்கயும் போகணும்னு தோணல. சாப்பிடணும்னு தோணல. இவனைத் தூக்கணும்னுகூடச் சில நேரம்..."

(அவள் முடிக்கவில்லை. முடித்து எழுதிப் பார்த்தேன், அழித்துவிட்டேன்.)

"தூங்கி எழுந்தா சரியாயிடும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்குங்க."

மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்தார். அவளுடைய நெற்றியும் ஒரு கண்ணும்தான் அதில் தெரிந்தன.

4

முடிவுகள்.

அ. அவள் சட்டென்று சிரித்து "வலது" என்கிறாள். (கைக்குழந்தை இருக்கும் வீட்டில் சட்டென்று வருவது அழுகை ஒன்றுதான். வேண்டாம்.)

ஆ. பல வருடம் கழித்து முன்சீட்டில் உட்கார்ந்து பையன் வழி சொல்கிறான். (நடக்கும். இந்த மதியத்தில் அவளுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?)

இ என்று போட்டேன். எழுத ஒன்றும் வரவில்லை. கார் ஓடினால் குழந்தை தூங்கும், ஆனால் அவளைக் கண்ணாடியில்தான் பார்க்க முடியும். நிறுத்தினால் குழந்தை வீறிடும், ஆனால் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கலாம். அந்தப் பாதி வாக்கியத்தின் மீதியைக் கேட்கலாம். "சந்தேகம்னா நிறுத்துங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த மனிதர்தான். அரும்பாடுபட்டுத் தூங்கவைத்த குழந்தை என்பதால் பிரேக்கை மிதிக்க அவருக்குக் கால் வரவில்லை.

5

முன்சீட் காலி என்றேனே. உங்களை அங்கே உட்காரவைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு தூரம் கூடவே வந்தவர் நீங்கள்தான். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு மெல்லத் திரும்பிப் பாருங்கள். அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுகிறாள், குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று சத்தம் வராமல். மாஸ்டரின் கண்ணாடியில் அது விழாது. உங்களுக்குத் தெரிகிறது.

தெருமுனை வருகிறது. உங்கள் காலடியில் ஒரு பிரேக் இருக்கிறது.