கொஞ்ச நேரம் கழித்து வரவும்

குப்பை மெயில் எதுவும் அலுவலகத்துக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்வதுதான் அவளுடைய உத்தியோகம். அப்பாவின் மெயில்பெட்டியைக் காப்பது சம்பளமில்லாத உத்தியோகம். ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர் அவர். லாட்டரிப் பரிசு, செத்துப்போன இளவரசரின் சொத்து என்று எது வந்தாலும் கொதிப்பார். முடி வளர்க்கும் எண்ணெய் விளம்பரத்தை மட்டும் திட்டமாட்டார். வழுக்கையைத் தடவிக்கொண்டே கடைசி வரி வரை படிப்பார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ஒருநாள் அவள் தொழில் ரகசியத்தை அவிழ்த்துவிட்டாள்.

"முன்பின் தெரியாத இடத்திலேருந்து மெயில் வந்தா, எங்க சர்வர் உடனே வாங்காதுப்பா. 'இப்போது இயலாது, கொஞ்ச நேரம் கழித்து வரவும்'னு சொல்லிடும். ஸ்பேம் அனுப்புறவனுக்கு ஏது பொறுமை? வேற இடம் பாத்துப் போயிடுவான். நிஜமான ஆளு திரும்பி வருவான்."

மறுநாளே அப்பா அதை வீட்டு வாசலில் அமல்படுத்திவிட்டார். மணி அடித்தால் சங்கிலியைக் கழற்றாமல் கதவை நாலு விரல் அளவுக்குத் திறப்பார். "இப்போது இயலாது. கொஞ்ச நேரம் கழித்து வரவும்." பட்டென்று சாத்துவார். நன்கொடை கேட்டவர்கள், காப்பீட்டு ஏஜென்டுகள், ஒருவரும் திரும்பவில்லை. தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்த அத்தையை அடையாளம் தெரியாமல் அவளுக்கும் இதையே சொன்னார். அத்தை திரும்பி வந்தாள், சாமி வந்தவள்போல.

"கூடப் பொறந்த அக்காவையே வாசல்ல நிக்க வைப்பியாடா, உருப்படாதவனே!"

வாங்கிக் கட்டிக்கொண்டும் அப்பாவுக்குப் பெருமைதான். "பாத்தியாம்மா? நிஜமான ஆளு. திரும்பி வந்துட்டா!"

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, தொட்டாச்சிணுங்கி வரும்வரை. அவளோடு வேலை பார்ப்பவனுக்கு அலுவலகத்தார் வைத்த பெயர் அது. சம்பள உயர்வு கேட்கப் போனவனிடம் மேலாளர் "அப்புறம் பாக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதோடு அந்த அறைப் பக்கம் அவன் தலைவைத்தும் படுக்கவில்லை. அப்பேர்ப்பட்டவன் அன்று மாலை அவளைப் பெண் கேட்டு வருவதாக இருந்தது. கட்டினால் இவனைத்தான் என்று அவள் அப்பாவிடம் முன்பே சொல்லியாயிற்று. கதவைத் தானே திறக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தலை வாரியவளுக்குக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"யாருப்பா?"

"ஒரு பையன். கையில ஒரு பை நிறைய ஆப்பிள். கொஞ்ச நேரம் கழிச்சு வரச் சொல்லிட்டேன்."

"ஐயோ அப்பா! அவர்தான்ப்பா அது!"

"தெரியும். அதுக்காக? புதுசா வர்றவங்க எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

"அவர் திரும்பி வரமாட்டார்ப்பா. அவர் சுபாவம் உங்களுக்குத் தெரியாது."

"இதுக்கே வராதவன், நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா மட்டும் வந்து நிப்பானா?"

அவன் பின்னால் ஓட ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தவள் அப்படியே நின்றாள். அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. ஆனால் கேள்வி அவளையும் குத்திவிட்டது. செருப்பை உதறிவிட்டு உட்கார்ந்தாள்.

மணி அடித்தது. பாய்ந்து போய்த் திறந்தாள். காலையில் வந்துபோன முடி எண்ணெய் வியாபாரி!

"சார் கொஞ்ச நேரம் கழிச்சு வரச் சொன்னாருங்க."

தான் போட்ட சட்டத்தில் தானே மாட்டிக்கொண்ட அப்பா அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. ஆளை சோபாவில் உட்கார வைத்து, எதிரே அமர்ந்து தலையைக் குனிந்து காட்டினார்.

பாதி எண்ணெய் தேய்க்கும்போது மறுபடி மணி. அரை மனதாக ஒரு சின்ன சத்தம். அவளைக் கைகாட்டி உட்கார வைத்துவிட்டு, வழியும் எண்ணெயோடு அப்பாவே போய் நாலு விரல் திறந்தார்.

தொட்டாச்சிணுங்கிதான். வேர்வையில் குளித்திருந்தான்.

"கொஞ்ச நேரம் கழிச்சு வரச் சொன்னீங்க. படியிலதான் உக்காந்திருந்தேன்."

"கோவிச்சுக்கிட்டுப் போகலையா?"

"போகத்தான் பாத்தேன் சார். ரெண்டு படி இறங்கினதும்தான் உறைச்சுது. நீங்க சொன்னது எங்க சர்வருக்கு நான் எழுதிக் கொடுத்த வாக்கியம். அதுக்கு வேண்டாம்னு அர்த்தம் இல்ல. நீ நிஜமான ஆளான்னு கேக்குது. நான் நிஜம்தான் சார்."

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவளே கேட்டதில்லை. அப்பா சங்கிலியைக் கழற்றினார்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை. ஒரு தடவை தேறிட்டா அப்புறம் எப்ப வந்தாலும் கேள்வியே கிடையாது. அதுவும் சட்டம்தான்."

சோபாவிலிருந்து எண்ணெய்க்காரர் எட்டிப் பார்த்தார். "அப்ப நானும் எப்ப வேணா வரலாங்களா சார்?"