கீர்த்தனியின் ‘நான் யார்?’

சசிகரன் கட்டாரில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பிக் கொஞ்ச நாள்தான். விட்டுப் போகும்போது கையைப் பிடித்து நடந்த மகள் கீர்த்தனி இப்போது ஏழாம் ஆண்டு படிக்கிறாள். வகுப்பில் பிள்ளைகள் எல்லாரும் ‘நான் யார்?’ என்று ஆளுக்கொரு பெரிய அட்டை செய்திருந்தார்கள். அதைப் பார்க்க வீட்டு ஆட்களை வரச் சொல்லியிருந்தார் நபீஸா டீச்சர்.

மனைவி நிவேதிகாவுக்குக் கந்தோரில் லீவு கிடைக்கவில்லை. சசிகரன் புதுச் சேட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, நிவேதிகாவின் தம்பி தனஞ்சயன் ஓட்டோவோடு நின்றான். இத்தனை வருடமும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கினவன் அவன்தான்.

“மாமாவும் உள்ளுக்கு வரவேணும்,” என்றாள் கீர்த்தனி.

வகுப்புச் சுவர் முழுக்க அட்டைகள். சசிகரன் மகளின் அட்டையில் தன்னைத் தேடினான். ‘என்னைப் போல ஆக்கள்’ என்ற இடத்தில் தனஞ்சயன் இருந்தான். டச் பே கடலில் இடுப்பளவு தண்ணியில் நின்று அவளுக்கு நீந்தப் பழக்குகிற படம். கீழே, ‘கோவம் வந்தால் நானும் மாமாவும் கதைக்கமாட்டோம், காதைத் தேய்ப்போம்’ என்று எழுதியிருந்தாள். தனஞ்சயன் அதை வாசித்துவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தான்.

சசிகரன் அட்டையின் கடைசி மூலையில் இருந்தான். ‘எப்ப வரும் எண்டு நான் பாத்துக்கொண்டிருக்கிறவை’ என்ற தலைப்பு. மழைக்குப் பள்ளிக்கூடம் பூட்டுறது. கோயில் தேர். அப்பாவின்ர வெள்ளிக்கிழமை போன் கோல்.

மழையோடும் தேரோடும் சேர்த்து அவனையும் வைத்திருந்தாள். அவனுக்கு நெஞ்செரிந்தது. மகள் அட்டையைக் காட்டி எல்லாருக்கும் விளங்கப்படுத்தினாள். ஒரு சொல்லும் அவன் காதில் ஏறவில்லை.

கீர்த்தனியின் கூட்டாளி ஜுமானாவின் தாய் ஷிஃபானா பக்கத்தில் வந்தாள். தனஞ்சயனைப் பார்த்து, “உங்கட மகள் நல்ல வடிவாச் செஞ்சிரிக்கா,” என்றாள்.

“நான்தான் தகப்பன்!”

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. கீர்த்தனி காதைத் தேய்த்தாள்.

அன்று பின்னேரம் சசிகரன் மச்சானிடம், “நாளையில இருந்து பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு போறன்,” என்றான்.

“ஓம் அத்தான். அவளுக்கும் சந்தோசமா இருக்கும்.”

அவன் முகத்தைத் திருப்பியிருந்தாலாவது பரவாயில்லை. இந்த நல்ல குணம்தான் சசிகரனுக்குத் தாங்கவில்லை.

அடுத்த நாட்களில் கீர்த்தனி மோட்டார் சைக்கிளின் பின்னால் வாய் திறக்காமல் வந்தாள். ஒருநாள் கடற்கரை வீதியில் மான் கூட்டமொன்று குறுக்கே போக, அவன் நிறுத்தினான்.

“மாமாவோட என்ன கதைச்சுக்கொண்டு போவாய்?”

“மாமா பாட்டுப் போடுவார். நான்தான் கதைப்பன்.”

“உன்ர அட்டையைப் பற்றி எனக்குச் சொல்லன்.”

“அண்டைக்குச் சொன்னனான்தானே. நீங்கள் கேக்கேல்லையோ?”

“இல்லை. உன்ர மாமாவையே பாத்துக்கொண்டு நிண்டனான். எனக்கு எரிச்சலா இருந்தது.”

மான்கள் போய் முடிந்தன. அவன் வண்டியை எடுக்கவில்லை.

“மாமாவிலயோ எரிச்சல்? மாமா பாவம்.”

“தெரியும். அதுதான் இன்னும் எரிச்சல்.”

முதுகுக்குப் பின்னால் அவள் சிரிப்பது கேட்டது. பிறகு அட்டையின் முதல் மூலையிலிருந்து சொல்லத் தொடங்கினாள். நீந்தப் பழகின கதை வந்ததும் மாமா, மாமா என்று நீட்டிக்கொண்டே போனாள். சசிகரனுக்கு உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் இடையில் மறிக்கவில்லை, மெதுவாகவே ஓட்டினான்.

பள்ளிக்கூட வாசலில் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டாள்: “பின்னேரம் மாமா வரட்டோ?”

அவன் பையின் பட்டியை நேராக்கிவிட்டான்.

“வரட்டும். ஆனா காலமையில நான்தான்.”