மைக்கேல்ராஜ் ஸ்வெட்டரின் இடது கை

உபகாரமேரி டீச்சருக்கு வலது கை சரியில்லை என்பது கள்ளக்குறிச்சியில் மூன்று பேருக்குத்தான் தெரியும். டீச்சருக்கு, டாக்டருக்கு, எனக்கு. என் வீட்டுக்காரர் ராஜாங்கத்திடம் நான் மூச்சு விடவில்லை. அவரிடம் சொல்வதும் பஸ் ஸ்டாண்டில் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்று.

ஐப்பசியில் ஒரு நாள் காலை குழம்பு கலக்கும்போது கரண்டி நழுவி விழுந்திருக்கிறது. எடுத்தால் மறுபடியும் விழுந்தது. நான்தான் ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். தலையில் சின்ன அடைப்பு, தப்பித்தீர்கள் என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதினார். தினமும் நடக்க வேண்டும், கைக்குப் பயிற்சி செய்ய வேண்டும் என்றார். நடை, பேச்சு, ஞாபகம் எல்லாம் பழையபடிதான். வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் சேர்ந்து எதையும் பிடிப்பதில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவளுக்கு அந்த இரண்டு விரல்தான் சொத்து.

டீச்சர் என்று கூப்பிட்டாலும் எங்களுக்குள் வா, போ தான். பக்கத்து வீடு. நான் அங்கன்வாடியில் வேலை பார்த்த நாளில் அவளிடம்தான் உல்லன் நூலில் பின்னக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கு வேகத்திலும் நேர்த்தியிலும் நான்தான் ஒரு படி மேலே. இதை நானே சொல்லக் கூடாதுதான், ஆனால் வேறு யாரும் சொல்வதில்லையே.

அவளுக்கு ஒரே மகன் மைக்கேல்ராஜ், பெங்களூரில் வேலை. அப்பா இறந்ததிலிருந்து ஒரே பாட்டு: தனியாக இருக்காதே, உடம்புக்கு ஏதாவது ஒன்று வந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டு. டீச்சர் ஒருமுறை போய் இரண்டு மாதம் இருந்தாள். பதினோராவது மாடி. லிஃப்டில் இறங்கி, கீழே நாலு செடியைப் பார்த்துவிட்டு, லிஃப்டில் ஏறி வந்தாளாம். மூன்றாவது மாதம் ஓடி வந்துவிட்டாள். இனிமேல் போனால் பெட்டியில் வைத்துத்தான் திருப்பி அனுப்புவார்கள் என்பாள்.

அவனுக்கு வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு ஸ்வெட்டர் கொடுப்பாள். ஆறாம் வகுப்பில் ஏற்காட்டு ஹாஸ்டலில் சேர்த்தபோது ஆரம்பித்த பழக்கம், அவனுக்கு முன்நெற்றி ஏறிய பிறகும் நிற்கவில்லை. இந்த வருஷம் ஸ்வெட்டர் இல்லை என்றால் அவன் முதலில் பார்ப்பது அவள் கையைத்தான்.

கார்த்திகை பிறந்த வாரம், மூன்று வருஷத்துக்கு முந்தைய சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்றை என் மடியில் போட்டாள். அவன் இங்கேயே விட்டுப்போனது.

"இதப் பாத்து அப்டியே போடு ஆண்டாளு. ஒரு கண்ணி கூட மாத்தாத. உன் புத்திசாலித்தனத்த இதுல காட்டாத."

சரி என்றேன். அவள் போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்ற பயம்தான் அப்போது எனக்கு. கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருஷத்தில் ராஜாங்கத்தோடு பேசியதைவிட அவளோடு சண்டை போட்டது ஜாஸ்தி. அவள் இல்லாத தெருவில் எனக்கு வேலை இல்லை. இதைச் சொல்ல வெட்கமும் இல்லை.

கடைவீதியில் உல்லன் நூல் வாங்கப் போனேன். பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் கட்டும் குஞ்சத்துக்காகச் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் மூட்டை மூட்டையாக வந்திருந்தன. சாம்பல் நிறத்தை யாரும் சீந்தவில்லை. ஒரே சாயத்தில் பத்து உருண்டை கிடைத்தது.

நூல் கிடைத்துவிட்டது, கைதான் ஒத்துழைக்கவில்லை. பின்னுகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு. டீச்சருடையது தளர்ந்த கை. அவள் போட்டது பூப்போல இருக்கும். என்னுடையது இறுகிய கை. நான் போட்டதை நிற்க வைக்கலாம். மாதிரியில் எத்தனை கண்ணியோ, ஊசியில் அத்தனை நூல் வளையம் எண்ணிப் போட்டேன். ஒரு சாண் உயரம் வந்ததும் பழைய ஸ்வெட்டர் மேல் வைத்துப் பார்த்தால் நாலு விரல் அகலம் கம்மி. பிரித்தேன். ஊசியை ஒரு நம்பர் பெரிதாக எடுத்தேன். பெரிய ஊசியிலும் என் கை இறுக்கத்தான் செய்தது. மறுபடி பிரித்தேன்.

டீச்சர் பார்த்துச் சிரித்தாள். உன் வாயும் கையும் ஒரே மாதிரி என்றாள். கோபத்தில் அன்றைக்கு முழுவதும் அவளோடு பேசவில்லை. அன்று போட்டது இன்னும் அரை விரல் சுருங்கியது.

வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. டாக்டர் சொன்னபடி டீச்சர் காலையில் ஏரிக்கரையில் நடக்க வேண்டும். தனியாக விட எனக்கு மனசில்லை. ஒரு மணி நேரம் வெறும் கையோடு நடக்கவும் மனசில்லை. நூல் உருண்டையைத் தோள்பையில் போட்டுக்கொண்டு நடந்தபடியே பின்னினேன். எதிரே வந்தவர்கள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பால்காரர் அய்யனார் வண்டியை நிறுத்தி, "இன்னாம்மா, வூட்டுல ஒக்கார எடம் இல்லியா?" என்று கேட்டார். உட்கார்ந்தால் சுகர் ஏறும் என்று சொல்லி அனுப்பினேன்.

டீச்சர் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். நாரையைக் காட்டினாள், யார் வயலில் என்ன நட்டிருக்கிறார்கள் என்று சொன்னாள். நான் கண்ணியைப் பார்க்காமல் அவள் காட்டியதையெல்லாம் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அளந்தால் ஒரு விரல்தான் கம்மி. அப்போதுதான் புரிந்தது. நான் பார்த்துப் பார்த்துப் போட்டால் இறுகுகிறது. பார்க்காமல் விட்டால் கை தானாகத் தளர்கிறது.

அதன் பிறகு அந்த மாதம் முழுக்க எங்களுக்கு ஊர் சுற்றுவதே வேலையாகிவிட்டது. எலவனாசூர்கோட்டைக்கு பஸ்ஸில் போனோம். நான் கோயிலுக்குள் போய் அவள் கைக்காக வேண்டிக்கொண்டு வர, அவள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து என் செருப்புக்கும் நூல் பைக்கும் காவல் இருந்தாள். அன்றைக்கு முதுகுப்பக்கம் முடிந்தது. சங்கராபுரம் சந்தைக்குப் போய் வந்ததில் முன்பக்கம் பாதி. ராஜாங்கத்துக்குத் தினமும் பழைய சோறுதான். இது என்ன புதுப் பழக்கம் என்று கேட்டார். டாக்டர் சொன்னது என்றேன், எந்த டாக்டர் யாருக்குச் சொன்னது என்று அவர் கேட்கவில்லை.

மார்கழி பிறந்ததும் ஒரு நாள் வெள்ளிமலை பஸ் ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஜன்னல் காற்று ஊசியாகக் குத்தியது. வளைவுக்கு வளைவு டீச்சர் என் மேல் சாய்ந்தாள், நான் ஜன்னல் மேல் சாய்ந்தேன், ஆனாலும் பின்னலை விடவில்லை. மேலே இறங்கி, மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே மண்பாதையில் நடந்தோம். சாமை அறுத்த நிலத்தில் மாடுகள் மேய்ந்தன. ஒரு வீட்டு வாசலில் கருப்பட்டிக் காப்பி வாங்கிக் குடித்தோம். அந்த வீட்டு அம்மாள் டீச்சர் இடது கையால் தம்ளர் வாங்கியதை ஒரு மாதிரி பார்த்தாள். டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அந்தப் பன்னெண்டாவது மாடியோ பதினொண்ணாவதோ, அங்க நான் எங்க நடப்பேன் ஆண்டாளு?" என்றாள். ஸ்வெட்டர் கையைப் பின்னிக்கொண்டே நடந்தேன்.

இந்த ஸ்வெட்டருக்குக் கையைத் தோளிலிருந்து கீழ்நோக்கிப் போட வேண்டும். பையன் வளர வளரக் கைமுனையைப் பிரித்து நீட்டிக்கொள்ளலாம் என்று ஹாஸ்டல் காலத்தில் அவள் கண்டுபிடித்த முறை. இரண்டு கையிலும் நடுவே சடைப் பின்னல் ஒன்று மணிக்கட்டு வரை இறங்கும். மூன்று கண்ணியைத் தனி ஊசியில் எடுத்து முன்பக்கம் நிறுத்திவிட்டு, அடுத்த மூன்றை முதலில் போட வேண்டும். சடை எப்போதும் ஒரே பக்கம்தான் புரளும்.

மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் மாதிரியை எடுத்துச் சரிபார்த்தபோதுதான் அதைக் கண்டேன். இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே, கடைசிப் பின்னல் எதிர்ப்பக்கம் புரண்டிருந்தது. மூன்று கண்ணியை முன்னால் நிறுத்துவதற்குப் பதில் பின்னால் நிறுத்தியிருக்கிறாள். எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. இருபது வருஷத்தில் டீச்சரிடம் ஒரு தப்பு! பக்கத்தில் அவள் தூங்கிக்கொண்டு வந்தாள். சொல்லிக் காட்டலாமா என்று நினைத்தேன். கை இப்படி இருக்கும்போது வேண்டாம் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். என் ஸ்வெட்டரில் அந்தப் பின்னலைச் சரியான பக்கமே திருப்பினேன்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மைக்கேல்ராஜ் வந்தான். கிறிஸ்துமஸ் அன்று கோயில் பூசை முடிந்ததும் டீச்சர் என்னைக் கூப்பிட்டாள். அவன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நின்றான். தோளும் மார்பும் அளந்து தைத்த மாதிரி உட்கார்ந்திருந்தன. நானே போட்டேன் என்று சொல்ல முடியவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

அவன் இடது கைமுனையைத் திருப்பிப் பார்த்தான். விரலால் தடவினான். பிறகு வலது கையையும் பார்த்தான். மறுபடி இடது கை. அப்போது டீச்சர் கேக் தட்டை நீட்டினாள், இடது கையால். அவன் தட்டையும் கையையும் பார்த்துவிட்டு, "நல்லாக்குதும்மா" என்றான்.

நான் கிளம்பியபோது கூடவே கேட் வரை வந்தான்.

"அத்தே, இத யாரு போட்டது?"

"உங்கம்மாதான்."

"எங்கம்மா போட்டா இந்த எடத்துல சடை திரும்பிக்கினு இருக்கும்."

ஹாஸ்டலில் எல்லாப் பையன்களுக்கும் சாம்பல் நிற ஸ்வெட்டராம். துணி துவைத்து வந்தால் யாருடையது எது என்று தினமும் அடிதடி. பெயர் தைத்தால் பிரித்துவிடுவார்கள். ஒரு பையனும் பார்க்காத இடத்தில் டீச்சர் இப்படி ஒரு அடையாளம் வைத்துக் கொடுத்தாள். ஒரு வருஷமும் அது தவறியதில்லை. பெங்களூரில் பைக் எடுக்கும் முன்னால் இப்போதும் அதை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் கிளம்புவானாம்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஒரு மாதம் ஊர் ஊராக அலைந்து என் கையை அவள் கையாக மாற்றி, கடைசியில் என் புத்திசாலித்தனத்தைக் காட்டி அவளைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டி விழுந்ததிலிருந்து கருப்பட்டிக் காப்பி வரைக்கும்.

"ஏன் எங்கிட்ட மறைச்சாங்க?"

"நீ பொட்டிய கட்டச் சொல்லுவன்னுதான்."

அவன் உள்ளே போனான்.

மறுநாள் அவன் ஊருக்குப் போன பிறகு டீச்சர் ஸ்வெட்டரோடு வந்தாள். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மகன் பெட்டியைக் கட்டத்தான் சொன்னானாம். இவள் பேரம் பேசியிருக்கிறாள். பொங்கலுக்குள் அந்த ஒரு பின்னலை என் கையால் போட்டுக் காட்டுகிறேன், போட்டால் நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது, முடியாவிட்டால் நானே வந்துவிடுகிறேன் என்று. அவன் ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டானாம்.

"அந்த எடத்துல நீ ஊசியத் தொடக் கூடாதாம்."

இடது கைமுனையைப் பிரிக்க மட்டும் எனக்கு அனுமதி. பின்னலுக்கு முந்தைய வரிசை வரை பிரித்து, கண்ணிகளை ஊசியில் ஏற்றி அவளிடம் கொடுத்தேன்.

மூன்று வாரம் இருந்தது. கைப்பயிற்சி சொல்லித் தருகிறவரிடம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனாள். சப்பாத்தி மாவைப் பிசைந்தாள், துணிக் கிளிப்பைக் கொடியில் மாட்டி மாட்டி எடுத்தாள், மொச்சை உரித்தாள். எங்கள் வீட்டு மொச்சையையும் உரித்தாள். ஊசியைப் பிடித்தால் பத்து எண்ணுவதற்குள் விழும். பிறகு இருபது எண்ணும் வரை நின்றது. புது வருஷம் பிறந்து ஒரு வாரத்தில், சாதாரணக் கண்ணி ஒன்றைப் போட்டாள். அன்றைக்கு இரண்டு பேரும் ஏரிக்கரைக்குப் போகவில்லை. உட்கார்ந்து அந்த ஒரு கண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

போகி அன்று காலை ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். மறுநாள் மகன் வருகிறான். எதிரே உட்கார்ந்தேன். என் கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். என் கையை நான் நம்பவில்லை.

மூன்று கண்ணியைத் தனி ஊசிக்கு மாற்றவே கால் மணி நேரம். ஒன்று நழுவியது, நகத்தால் பிடித்து ஏற்றினாள். அடுத்த மூன்றைப் போட்டாள். பார்த்தால், ஊசியைப் பழக்க தோஷத்தில் முன்பக்கம் நிறுத்தியிருக்கிறாள். சடை நேராகவே புரண்டிருந்தது. அவளும் பார்த்தாள். பிரித்தாள். நான் அரை நிமிஷத்தில் போட்டுவிடுவேன். என் விரல்கள் தொடைக்கு அடியில் தாமாகவே பின்னிக்கொண்டிருந்தன.

இரண்டாம் தடவை ஊசியைப் பின்பக்கம் நிறுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மேலுதட்டில் வேர்த்திருந்தது. தனி ஊசியிலிருந்து ஒன்று, இரண்டு. கடைசிக் கண்ணியில் விரல் பிடி விட்டது, ஆனால் அதற்குள் நூல் உள்ளே போய்விட்டது. சடை எதிர்ப்பக்கம் திரும்பி நின்றது.

"இன்னா, சரியாக்குதா?"

கடைசிக் கண்ணி மட்டும் தளர்ந்து, சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் தொங்கியது. நூலை லேசாக ஒரு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும்.

"சரியாக்குது" என்றேன்.

மிச்சக் கைமுனையை நீ போடு என்று சொல்லி ஊசியை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். தொங்கிய கண்ணியை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு அடுத்ததிலிருந்து போட ஆரம்பித்தேன்.