அவர் சொன்ன பதவியேற்பு

ராணுவ ஆட்சி ஒழிந்து, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் ஜனாதிபதி பதவியேற்ற அன்று, ஓட்டுநரம்மா தன் பஸ்ஸோடு ஒரு குறுகலான தெருவில் மாட்டிக்கொண்டாள்.

லீவு கேட்டுத்தான் இருந்தாள். அன்றைக்கு யார்தான் கேட்கவில்லை? "ஒரே ஒரு நடை போயிட்டு வந்துடுங்கக்கா, விழா ஆரம்பிக்கறதுக்குள்ள வீட்ல இருப்பீங்க" என்று டிப்போ மேலாளர் கெஞ்சியதில் மனம் இளகிவிட்டது. பாதி வழியில் ஊர்வலம் குறுக்கே வந்தது. போலீஸ்காரர் கையைக் காட்டிப் பக்கத்துத் தெருவுக்குள் திருப்பிவிட்டார். உள்ளே போனால் முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. பயணிகள் கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு, ஒவ்வொருவராக இறங்கி விழா நடக்கும் சதுக்கத்தைப் பார்த்து நடையைக் கட்டினார்கள். "எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்" என்று போன கண்டக்டரும் போனவன் போனவன்தான்.

வண்டியை அநாதையாக விட்டுவிட்டு அவளால் போக முடியாது. செல்போனிலும் சிக்னல் இல்லை. கட்டடங்களுக்கு அப்பாலிருந்து ஆரவாரம் எழுந்தது, அடங்கியது. ஒரு கட்டத்தில் நெடுநேரம் சத்தமே இல்லை. என்னவோ ஏதோவென்று அவளுக்குப் பயமாகக்கூட இருந்தது. பிறகு பீரங்கி முழங்கியது. எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டாள்.

அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவள் கணவர் அச்சகத்தில் வேலை பார்த்தவர். ஆட்சியைக் கண்டித்து எழுதிய துண்டறிக்கையை அடித்துக் கொடுத்தார் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். சிறையிலிருந்து பாதி ஆளாகத் திரும்பி வந்தார். உள்ளே என்ன நடந்தது என்று இன்றுவரை வாய் திறந்ததில்லை. இந்த நாளை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

சாயங்காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கணவரும் அவருடைய அக்காவும் டிவி முன்னால் இருந்தார்கள். அதில் நாலு பேர் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பேசவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மொதல்ல உக்காரு. நான் சொல்றேன், பாத்த மாதிரியே இருக்கும்" என்றார் கணவர்.

அக்கா டீ போட உள்ளே போயிருந்தாள். அதிகம் பேசாத மனிதர் அன்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். வாத்தியக் குழு எப்படி வந்தது, பழைய தளபதி எப்படி யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார் என்று நடித்தே காட்டினார். "கடைசில உறுதிமொழி. தடங்கலே இல்லாம, கணீர்னு சொன்னாரு பாரு! மணி அடிச்ச மாதிரி." அவளுக்கு எரிச்சல் பாதி தீர்ந்துபோயிற்று.

மறுநாள் டிப்போ கேண்டீனில் விழாவை மறுபடி போட்டார்கள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே பார்த்தாள். வாத்தியக் குழு, தளபதி எல்லாம் அவர் சொன்னது சொன்னபடி. பிறகு ஜனாதிபதி ஒலிபெருக்கி முன் வந்து, "நமக்காகச் சிறை சென்றவர்கள் எழுந்து நிற்க வேண்டும். வீட்டில் இருந்து பார்ப்பவர்களும் நில்லுங்கள்" என்றார். கூட்டத்தில் இங்கொருவர் அங்கொருவராக எழுந்தார்கள். அத்தனை பேரும் பேச்சற்று அவர்களையே பார்த்தார்கள். கணவர் இதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லையே! அடுத்து உறுதிமொழி. இரண்டாவது வரியிலேயே ஜனாதிபதி அழுதுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

டீ ஆறிப்போயிருந்தது.

வேலை முடிந்து வந்ததும் கேட்டாள். "கணீர்னு சொன்னாருன்னீங்க? மனுஷன் அழுதுட்டாரே!"

கணவர் பிடரியைத் தடவினார். "அது... அப்ப நான் சமையல்கட்டுல இருந்தேன்."

"அங்க என்ன வேலை?"

"அவரு நிக்கச் சொன்னாருல்ல, எந்திரிச்சேன். அக்கா என்னைப் பாத்துட்டு, 'எந்திரிச்சதுதான் எந்திரிச்ச, அப்படியே கொஞ்சம் தண்ணி கொண்டாடா'ன்னுச்சு. போனேன். வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

"அடப் பாவி!" என்று உள்ளறையிலிருந்து அக்கா ஓடி வந்தாள். "ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கறதுக்கு என்னடா? நீ ஏதோ வேலையா எந்திரிக்கறேன்னு நெனச்சேன்!"

"சரி, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் ஓட்டுநரம்மா.

"நீயே பாக்க முடியலயேன்னு நொந்துபோய் வந்திருக்க. நானும் பாக்கலன்னு எப்படிச் சொல்றது?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காவும் சிரித்தாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. தன் கால்களைப் பார்த்தபடி இருந்தார்.

"உள்ள இருந்தப்ப விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு நிக்கணும்" என்றார். "ஆளை எண்ணுவாங்க. பேரு கெடையாது, நம்பர்தான். எந்திரின்னு யாரு சொன்னாலும் எனக்கு அந்த நம்பர்தான் காதுல கேக்கும். நேத்து கேக்கல."

ஏதாவது கேட்டால் நிறுத்திவிடுவாரோ என்று ஓட்டுநரம்மாவுக்குப் பயம். அவர் நிறுத்தவில்லை. அறையில் கூட இருந்தவர்கள், சுவரில் இருந்த ஈரம், பக்கத்துப் படுக்கைக்காரரின் குறட்டை என்று ஒவ்வொன்றாக வந்தது.

அதற்குள் டிவியில் விழாவை மறுபடி போட்டார்கள். அக்கா கையை நீட்டிச் சத்தத்தைக் குறைத்தாள். ஜனாதிபதி உறுதிமொழி எடுத்ததை அன்று அந்த வீட்டில் யாரும் பார்க்கவில்லை.