சரிபார்க்க வந்த ஆள்

என் மருமகனை நான் முதல் நாளிலிருந்தே நம்பியதில்லை. லாரி புக்கிங் ஆபீசில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவன் வார்டு உறுப்பினர் ஆனான், பிறகு எம்.எல்.ஏ. ஆனான். மூன்று தேர்தல் பார்த்துவிட்டான், நடுவில் இரண்டு தடவை கட்சி தாவினான். எங்கள் தெருவில் அவனுக்குத் தவளை என்றுதான் பெயர். பஞ்சர் ஒட்ட என் கடைக்கு வருகிறவர்கள், "பெரியவரே, தவளை இப்ப எந்தக் குளத்துல?" என்று கேட்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். என் மகள் மட்டும் சிரிக்கமாட்டாள். அவளுக்கு அவன்மேல் உயிர். ஏன் என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அந்த வாரம் ஆட்சி ஆட்டம் கண்டது. சட்டசபையில் ஓட்டெடுப்பு என்று நாள் குறித்தார்கள். எதிர்ப்பக்கத்தவன் விலைக்கு வாங்கிவிடுவான் என்ற பயத்தில் ஆளுங்கட்சிக்காரர்கள் தங்கள் எம்.எல்.ஏ.க்களை பஸ்ஸில் ஏற்றி, ஊருக்கு வெளியே நீச்சல்குளம் உள்ள ஒரு ஓட்டலில் கொண்டுபோய் அடைத்தார்கள். போனையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் என் மகள் குளியலறையில் விழுந்தாள். இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது, நாளைக் காலையே ஆபரேஷன், பிழைத்தால் பிழைத்ததுதான் என்றார் டாக்டர். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"அவரை ஒரு தடவை பாத்துட்டு உள்ள போறேன்ப்பா."

ஓட்டலுக்குப் போனேன். கேட்டில் நின்றவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"யாருக்கு சீரியஸ்? அம்மாவுக்கா, பொண்டாட்டிக்கா?"

"என் பொண்ணுக்கு."

"நேத்துலேருந்து இங்க நாலு அம்மா சாகக் கிடக்கறாங்க பெரியவரே. அதுல ஒரு அம்மா செத்தே பத்து வருசமாச்சாம். பெத்த மகனே சொல்றாரு."

அவன் சொன்னது பொய்யில்லை. வீட்டில் யாருக்கோ உயிர் போகிறது என்று ஆளை வெளியே வரவழைத்து, வாசலிலேயே காரில் அள்ளிக்கொண்டு போவது எதிர்ப்பக்கத்தவன் கண்டுபிடித்த வழி. முந்தின நாள் அப்படி ஒருத்தன் போயே போய்விட்டான்.

எப்படியோ உள்ளே விட்டார்கள். கூடத்தில் நாலைந்து பேர் பனியனோடு சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஓட்டு மாறாமல் இவர்களை மேய்க்கிற கொறடா பக்கத்திலேயே நிற்க, என் மருமகன் வந்தான்.

"மாமா, உங்கள யாரு அனுப்புனா?"

"உங்க பொண்டாட்டி."

"நிஜத்தச் சொல்லுங்க. எவ்வளவு தர்றேன்னாங்க?"

கையை ஓங்கிவிட்டேன். கொறடா குறுக்கே வந்தார்.

"அடிச்சு கிடிச்சு வச்சுடாதீங்க பெரியவரே. நாளைக்கு எந்திரிச்சு நிக்கறதுக்கு ஆளு வேணும்."

சீட்டாடியவர்கள் சிரித்தார்கள். மருமகனும் பல்லைக் காட்டினான். பிறகு என்னைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போனான்.

"நான் ரெண்டு தடவை தாண்டுனவன் மாமா. இந்த கேட்டைத் தாண்டுனா மூணாவதும் தாண்டிட்டான்னு முடிவு கட்டிடுவாங்க. இந்தத் தடவை மந்திரி பதவி தர்றதா சொல்லியிருக்காங்க. எத்தனை வருசமா நாய் மாதிரி காத்துக் கிடக்கறேன்!"

"அவ கேக்கறா மாப்பிள்ளை."

"நிஜமா இருந்தா..." என்று இழுத்தான்.

நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

கொறடாதான் வழி சொன்னார். "எதுக்கு சந்தேகம்? நம்ம ஆள் ஒருத்தன் போய்ப் பாத்துட்டு வரட்டும். நிஜம்னா நானே கார்ல அனுப்பி வைக்கறேன்."

சரிபார்க்க ஒருத்தன் என்னோடு வந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கறுப்புக் கண்ணாடி. ஆஸ்பத்திரிக்குள்ளும் கண்ணாடியைக் கழற்றவில்லை. கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றான். மகள் கண்ணைத் திறந்தாள்.

"அவர் வந்துட்டாரா?"

அவன் அவள் மூக்கில் போயிருந்த குழாயையும் தலைமாட்டு மெஷினையும் பார்த்தான். நர்சிடம், "நிஜ பேஷண்ட்தானா சிஸ்டர்?" என்றான்.

"இல்ல, சினிமா எடுக்கறோம். வெளிய போங்க சார்!"

திரைக்கு அந்தப்பக்கம் நின்று போன் பேசினான். வார்டு முழுக்கக் கேட்டது.

"ஆமாண்ணே, நிஜந்தான். ஆனா பேச்சு இருக்கு, ஆள் நல்லா முழிச்சுப் பாக்குது. ரெண்டு நாள் தாங்கும்ணே. ஓட்டெடுப்பு முடியட்டும், அப்புறம் அனுப்பிக்கலாம்."

மகள் என் பக்கம் திரும்பினாள்.

"நிஜம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருச்சுல்லப்பா?"

"தெரிஞ்சிருச்சும்மா."

"அப்ப வந்துருவார்."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் அவள் தலை அந்தப்பக்கம் திரும்பியது. காலையில் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்தார்கள். அதில் படுத்தபடியும் வாசலைத்தான் பார்த்தாள். நான் கூடவே நடந்தேன். ஒரு கதவுக்கு மேல் என்னை விடவில்லை.

நடைகூடத்து டிவியில் ஓட்டெடுப்பு ஓடிக்கொண்டிருந்தது. வரிசை வரிசையாக எழுந்து நின்றார்கள், தலையை எண்ணினார்கள். என் மருமகனும் தலையை வழித்துச் சீவிக்கொண்டு எழுந்து நின்றான். பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் ஆட்சி பிழைத்தது. அவன் ஒருத்தன் வராமலிருந்தாலும் பிழைத்திருக்கும்.

பிற்பகல் டாக்டர் வெளியே வந்து, காப்பாற்ற முடியவில்லை என்றார்.

சாயங்காலம் அவன் வந்தான், கழுத்தில் மாலையோடு. நடைகூடத்தில் என்னைக் கண்டதும் அதைக் கழற்றினான். எங்கே வைப்பதென்று தெரியாமல் காவலாளி கையில் கொடுத்தான்.

"படுக்கைல யாருமே இல்லைன்னு சொன்னாங்க மாமா. சத்தியமா அப்படித்தான் சொன்னாங்க."

அழுதான். குலுங்கிக் குலுங்கி அழுதான். அவர்கள் அவனை ஏமாற்றியிருக்கலாம். இல்லை, எல்லாம் தெரிந்தே அங்கே உட்கார்ந்திருந்துவிட்டு இப்போது என்னை ஏமாற்றலாம். அந்த முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. இன்றுவரை பிடிபடவில்லை.

"உள்ள போய்ப் பாருங்க மாப்பிள்ளை" என்றேன். "படுக்கைல ஆள் இருக்கு."