எடை பூஜ்யம்

கணினித் திரையில், காற்றழுத்தத்தில் ஓடும் சிலிண்டர்கள் எல்லாம் படுத்த வாக்கில்தான் இருக்கும். நிஜத்தில் நிமிர்ந்து நின்றாலும் தலைகீழாகத் தொங்கினாலும் படத்தில் படுக்கைதான். அந்தத் தொழிலில் எல்லோரும் பழகிப்போன வழக்கம் அது. காற்று ஏறிய குழாய் நீலமாக மாறும், தண்டு வெளியே நீளும், சென்சாரைத் தொட்டதும் வால்வு மாறும், தண்டு சமர்த்தாக உள்ளே போய்விடும். கசிவு கிடையாது, இரைச்சல் கிடையாது, எண்ணெய்ப் பிசுக்கு கிடையாது. இயந்திரத்தைச் செய்வதற்கு முன்னால் அதன் காற்றைக் கணினியில் ஓடவிட்டுப் பார்ப்பதுதான் அவளுக்குச் சோறு போடும் வேலை. அதனால் அலுவலகத்தில் அவள் பெயர் காத்தம்மா. வைத்தவர் முதலாளி. அப்படிக் கூப்பிடாத ஒரே ஆள் அவள் புருஷன்.

அவனும் அதே கம்பெனியில்தான் பிட்டர். அவள் வரைவதை இரும்பிலும் குழாயிலும் பூட்டி, வாங்கியவர்கள் இடத்துக்கே போய் ஓடவிட்டுக் காட்டிவிட்டு வருவான். நாலு நாளாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தூரத்து ஊரில் வேறொரு கம்பெனிக்கு வருவதாக அவன் தலையாட்டிவிட்டான். அது அவளுக்குத் தெரிந்தது காபி மெஷின் பக்கத்தில், ஸ்டோர்காரர் வாயால். கேட்டால், "சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்கிறான். எப்போது, சாமான் ஏற்ற லாரி வந்த பிறகா என்று கேட்டாள். அதோடு சரி. முதலில் வாயைத் திறக்கிறவர் தோற்றவர் என்பது அந்த வீட்டின் எழுதாத சட்டம். வீம்பில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்களும் இல்லை. சாப்பாடு தயார் என்பதைக்கூடத் தட்டைக் கொஞ்சம் ஓசையாக வைத்துத்தான் தெரிவித்துக்கொண்டார்கள். அன்று காலையிலும் டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஒரு வார்த்தை இல்லாமல் போய்விட்டான். டப்பாக்களுக்கு மூடி ஒட்டுகிற புது இயந்திரம் ஒன்றை ஓடவிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

மதியம் அதே இயந்திரம் இன்னொருவருக்கு வேண்டும் என்று ஆர்டர் வந்தது. பழைய படத்தையே எடுத்துத் திருத்தினால் போதும், அரை மணி வேலை. இவர்களுக்கு மேலிருந்து இறங்கும் சூட்டுத்தட்டு கொஞ்சம் பெரியது. புதிய எடையைப் போடலாம் என்று திரையில் சிலிண்டரின் மேல் மவுஸை இரண்டு தடவை தட்டினாள். பெட்டி திறந்தது. எடை என்ற கட்டத்தில் பூஜ்யம். சாய்வு என்ற கட்டத்திலும் பூஜ்யம்.

அவள் அந்த இரண்டு பூஜ்யத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் படத்தை வரைந்தபோது, காற்று போனாலும் தட்டைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ள ஒரு செக் வால்வு போட்டிருந்தாள். முதலாளி எட்டிப் பார்த்து, "இது எதுக்கும்மா?" என்றார். எதற்கென்று காட்டத்தான் அதை எடுத்துவிட்டுக் காற்று வரும் வழியை அடைத்தாள். சிலிண்டர் அசையவில்லை. "பாத்தியா, தேவையில்ல" என்று அவர் போய்விட்டார். அவளுக்குமே கொஞ்சம் ஆச்சரியம்தான், ஆனால் கண்ணால் பார்த்தாயிற்றே. எடையே இல்லாத தட்டு, படுத்துக் கிடக்கிற சிலிண்டர், அது எங்கே போய் விழும்? பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். படம் அப்படியே கீழே ஒர்க்‌ஷாப்புக்குப் போயிற்று, அவனும் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் பூட்டினான்.

எடையில் நாற்பது கிலோ, சாய்வில் செங்குத்துக்கான தொண்ணூறு என்று அடித்து, ஓடவிட்டு, காற்றை அடைத்தாள். தண்டு சரசரவென்று வெளியே நீண்டு கோடியில் போய் நின்றது. நிஜத்தில் என்றால் தட்டு கீழே.

அவள் உடனே போனைத் தேடினாள். ஏனென்றால் அவள் புருஷன் காற்றை அடைக்காமல் எந்த இயந்திரத்திலும் கை வைக்கிற ஆளில்லை. வீட்டில் குழாய்க்கு வாஷர் மாற்றக்கூட மாடி ஏறித் தொட்டி வால்வை மூடிவிட்டு வருகிற மனுஷன். மற்றவர்கள் அவசரத்தில் அப்படியே கையை விடுவார்கள். இவன் மெயின் வால்வை அடைத்து, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் தட்டுக்கு அடியில் கையைக் கொண்டுபோவான். அசட்டையான ஆளாக இருந்திருந்தால் இவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

போன் போட்டாள். அடித்தது, வெட்டிவிட்டான். வீட்டுச் சண்டையை வேலை இடத்துக்கு இழுத்துக்கொண்டு வருகிறாள் என்று நினைத்திருப்பான். மறுபடி போட்டாள். மறுபடி வெட்டினான். மூன்றாம் தடவை அடித்து அடித்து ஓய்ந்தது. போனை டூல் பாக்ஸுக்குள் போட்டிருப்பான், இனி எடுக்க மாட்டான். சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் சீல் புதுசு, இறுக்கமாகத்தான் இருக்கும், தட்டைக் கொஞ்ச நேரம் தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எவ்வளவு நேரம் தாங்கும் என்று எழுதத் திரையில் இருந்த பெட்டியில் கட்டமே இல்லை.

அந்தத் தொழிற்சாலை சூப்பர்வைசரின் நம்பர் ஆர்டரில் இருந்தது.

"சார், எங்க பிட்டர் எங்க?"

"மிஷின்லதாம்மா இருக்காரு. காத்தெல்லாம் அடச்சிட்டு, உள்ள ஏதோ செட்டிங் பண்றாரு. ரொம்ப சேஃப்டியான ஆளும்மா."

"கைய வெளிய எடுக்கச் சொல்லுங்க. உடனே. தட்டு விழும் சார்."

"காத்துதான் இல்லயே, எப்படிம்மா—"

"காத்து இல்லாததாலதான் சார் விழும். ஓடுங்க."

அவர் ஓடினார். மூச்சிரைப்பு கேட்டது, பூட்ஸ் சத்தம் கேட்டது, யாரோ எதையோ உருட்டிக்கொண்டு குறுக்கே போனார்கள். "பிட்டர், கைய எடுங்க, உங்க ஆபீஸ்லேர்ந்து போன்" என்கிற குரல் தூரத்தில் கேட்டது. என்ன பதில் வந்ததென்று கேட்கவில்லை. அப்புறம் கனமாக ஒரு சத்தம். அவ்வளவு பெரிய சத்தம்கூட இல்லை. சாமான் ஏற்றிய பெட்டியைத் தரையில் வைத்தால் வருமே, அந்த மாதிரி.

அவள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தாள்.

"ம்" என்றது போன். நாலு நாள் கழித்துக் கேட்கிற குரல்.

"கை?"

"வெளியதான் இருக்கு. க்ளவுஸ் மாட்டிக்கிச்சு. அது மட்டும் உள்ள இருக்கு."

"என் தப்புங்க. எடையே போடாம ஓட்டிப் பாத்திருக்கேன். செக் வால்வ நான்தான் எடுத்தேன்."

சூப்பர்வைசர் யாரிடமோ தண்ணீர் கொண்டுவரச் சொல்வது கேட்டது.

"விரலை எண்ணுங்க" என்றாள்.

"எல்லாம் இருக்கு."

"எனக்குக் கேக்கற மாதிரி எண்ணுங்க."

எதிரில் இருந்த டைப்பிஸ்ட் நிமிர்ந்து பார்த்தாள். பார்க்கட்டும். அந்தப் பக்கம் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். அங்கே எத்தனை பேர் சுற்றி நின்றார்களோ, அத்தனை பேருக்கு நடுவில், முப்பத்தெட்டு வயது ஆம்பளை ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினான். நான்கில் நின்று, மூச்சு வாங்கி, ஐந்து என்றான். அவள் மேஜை மேல் தன் விரல்களை விரித்து ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே வந்தாள். பத்து வந்தது. போனை வைக்க இரண்டு பேருக்கும் மனசில்லை.

அவன் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.